குழந்தைகளின் பேதியும் துத்தநாகச் சத்தும்

சென்ற மாதம் ஒரு விவசாயக் கூட்டுறவுச் சங்கத்திற்குத் தணிக்கைக்காகச் சென்றிருந்தோம். உரக் கிடங்கில் மூட்டைகளை எண்ணி இருப்புப் புத்தகத்துடன் ஒப்பிட்டு முடிக்கும் தறுவாயில், நெற்பயிருக்குத் துத்தநாக சல்பேட் வாங்க வந்திருந்த முதிய அங்கத்தினர் ஒருவர் தம் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்து நம்மிடம் நீட்டினார். "ஐயா, பேரனுக்கு வயிற்றுப்போக்கு என்று நர்சம்மா கொடுத்தது இது. இதிலும் ஜிங்க் சல்பேட் என்றுதான் அச்சிட்டிருக்கிறது. நான் மூட்டையாக வாங்குவதும் இதுவும் ஒன்றுதானா? ஒன்றுதான் என்றால், பயிருக்குப் போடுவதைப் பச்சைப் பிள்ளைக்கு எதற்காகக் கொடுக்கிறார்கள்?" என்று கேட்டார். கிடங்கில் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி மிகவும் நியாயமானது. அதற்கு உரிய விடையை அங்கு நின்றவர்களில் எவரும் அறிந்திருக்கவில்லை. நாமும் அரைகுறையாகவே அறிந்திருந்தோம். பட்டப் படிப்பில் இரசாயனம் பயின்றோமேயன்றி வைத்தியம் பயின்றோமில்லை. அப்பெரியவருக்கு அன்று கூறியதையும், பின்னர் படித்தும் வைத்தியர்களைக் கேட்டும் தெரிந்து கொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றை ஐயமற உரைத்துவிட வேண்டும். உலோகம் ஒன்றே, பொருள் வேறு. வயலுக்கு இடும் துத்தநாக சல்பேட்டை ஒருபோதும், ஒரு சிட்டிகையளவும், குழந்தைக்குக் கொடுத்தலாகாது. உரத்திற்கென்று தயாரிக்கப்படும் உப்பில் காரீயம், காட்மியம் முதலிய நச்சு உலோகங்கள் சிறிதளவு கலந்திருக்கக்கூடும். அதன் துகள் வயிற்றையும் குடலையும் அரிக்கும் இயல்புடையது. மாத்திரையிலோ சுத்திகரித்த உப்பு, தூய துத்தநாகம் இருபது மில்லிகிராம் அமையுமாறு அளந்து சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒரு கிராமில் ஐம்பதில் ஒரு பங்கே இருபது மில்லிகிராம். நம் கைச் சிட்டிகைக்கு அடங்காத நுண்ணளவு அது. ஆதலின் மூட்டையை அடுக்களைக்கு அருகிலோ, தவழும் குழந்தையின் கைக்கெட்டும் இடத்திலோ வைப்பதும் தவறு.

நிற்க. உழவரான அங்கத்தினர்கள் துத்தநாகத்தின் அருமையைப் பயிரிலேயே கண்டவர்கள். நாற்று நட்ட சில வாரங்களில் இலையில் துரு நிறப் புள்ளிகள் தோன்றி, பயிர் குத்துக் குத்தாக வளராமல் நிற்பதைப் பார்த்திருப்பார்கள். வட நாட்டில் இதற்குக் கைரா நோய் என்று பெயர். 1960களில் பந்த்நகர் விவசாயப் பல்கலைக்கழகத்தில் நேனே என்னும் விஞ்ஞானி, இது பூச்சியாலோ பூசணத்தாலோ வருவதன்று, மண்ணில் துத்தநாகம் குறைவதால் வருவது என்று கண்டுபிடித்தார். ஏக்கருக்குப் பத்து கிலோ துத்தநாக சல்பேட் இடுமாறு நம் பக்கத்தில் சொல்லப்படுவது இக்குறை நீங்கவே. தழை, மணி, சாம்பல் சத்துக்களை மூட்டை மூட்டையாகக் கேட்கும் பயிருக்கு இது மட்டும் கைப்பிடி போதும். ஆனால் அக்கைப்பிடி இல்லாவிடில் மற்றவை யாவும் பயனற்றுப் போகின்றன. மனித உடலிலும் ஏறத்தாழ இதுவே நிலை.

மனிதனுக்கும் இக்குறை நேரும் என்பதை உலகம் அறிந்து அதிக காலம் ஆகவில்லை. பீகார் மாநிலத்துப் பக்ஸாரில் பிறந்து அமெரிக்காவில் பயிற்சி பெற்ற ஆனந்த பிரசாத் என்னும் வைத்தியர், 1958இல் ஈரான் நாட்டின் ஷீராஸ் நகரில் பணியாற்றினார். அங்கு அவரிடம் வந்த ஒரு நோயாளிக்கு வயது இருபத்தொன்று. தோற்றமோ பத்து வயதுச் சிறுவனுடையது. புளிக்காத கோதுமை ரொட்டியே அவருடைய ஆகாரம், மாமிசம் கிடையாது, மண் தின்னும் பழக்கமும் இருந்தது. இத்தகையோர் பலரை ஆராய்ந்த பிரசாத், துத்தநாகக் குறைவே காரணமாயிருக்கலாம் என்று 1961இல் எழுதினார். பின்னர் எகிப்தில் ஆராய்ந்து 1963இல் அதனை மெய்ப்பித்தார். மனிதனுக்குத் துத்தநாகக் குறைவு நேரவே நேராது என்று அக்காலத்து அறிஞர் பலர் எண்ணியிருந்தமையால், இவருடைய முடிபை ஏற்கச் சில ஆண்டுகள் பிடித்தன.

ரொட்டி நிறையத் தின்றவருக்கு ஏன் குறைவு வந்தது என்று கேட்கலாம். தானியத்திலும் பருப்பிலும் துத்தநாகம் இல்லாமலில்லை. ஆனால் அவற்றின் தவிட்டுப் பகுதியில் பைட்டேட் என்னும் மணிச்சத்துச் சேர்மம் ஒன்று உண்டு. அது துத்தநாகத்தைப் பற்றிக் கொண்டு குடல் உறிஞ்சவொட்டாமல் வெளியே கொண்டு போய்விடுகிறது. துத்தநாக சல்பேட்டை டி.ஏ.பி. போன்ற மணிச்சத்து உரத்துடன் கலந்து இடாதீர்கள் என்று விவசாய அலுவலர்கள் அங்கத்தினர்களுக்குச் சொல்லி வருவதன் காரணத்தை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். மண்ணில் நடப்பதும் வயிற்றில் நடப்பதும் ஒரே வகை வழக்கு. மாவைப் புளிக்க வைத்தாலும், பயற்றை முளைகட்டினாலும், அச்சேர்மம் ஓரளவு சிதைகிறது. புளித்த மாவில் இட்லி அவித்துக் குழந்தைக்கு ஊட்டும் நம் வழக்கம், எவர் முதலில் கண்டாரோ, மிக நல்ல வழக்கம். மாமிசம், மீன், நண்டு, முட்டை ஆகியவற்றில் உள்ள துத்தநாகம் எளிதில் உடலில் சேரும். இவை அன்றாடம் கிடைக்காத வீடுகளில் எள்ளும் நிலக்கடலையும் பருப்பும்தான் துணை.

இனிக் குழந்தையின் வயிற்றுப்போக்குக்கு வருவோம். உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆண்டொன்றுக்கு 4,40,000க்கு மேற்பட்டோர் இதனால் மாள்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2024இல் தெரிவித்தது. நம் ஊர்களில் இதனைச் செரியாமை என்றும், மாந்தம் என்றும், பல் முளைக்கும் பேதி என்றும் பலவாறு அழைத்துச் சாதாரணமாக எண்ணிவிடுகிறோம். பல் முளைப்பதனால் பேதி வருவதில்லை. பல் முளைக்கும் பருவத்தில் குழந்தை கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் வைக்கிறது. கிருமி அவ்வழியே நுழைகிறது. குழித்தறி உள்ள வீடுகளில் தறிக் குழியருகே தவழும் குழந்தையின் கையைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

குடலின் உட்புறம் எவ்வாறு இருக்கும் என்பதை நெசவாளர்களுக்கு ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம்: தேங்காய்ப்பூத் துண்டைப் போன்றது. அத்துண்டின் மேற்பரப்பில் நூல் சிறு சிறு கண்ணிகளாக எழும்பி நிற்பதால் அன்றோ அது சாதாரணத் துண்டைவிட அதிக நீரை உறிஞ்சுகிறது? குடலின் உட்சுவரிலும் அவ்வாறே கணக்கற்ற நுண்ணிய விரல்கள் எழும்பி நிற்கின்றன. உணவின் சாரத்தையும் நீரையும் உறிஞ்சுபவை அவையே. கிருமி தாக்கும்போது இவ்விரல்கள் சிதைந்து மொட்டையாகின்றன. உறிஞ்ச வேண்டிய நீர் உறிஞ்சப்படாமல் வெளியேறுகிறது.

இயற்கையின் ஏற்பாட்டில் இவ்விரல்களின் மேலுள்ள அணுக்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதியன தோன்றிக்கொண்டே இருக்கின்றன. புதிய அணு தோன்ற வேண்டுமெனில் அணு இரண்டாகப் பிரிய வேண்டும். அதற்குத் துத்தநாகம் இன்றியமையாதது. உடலில் நடைபெறும் இரசாயன மாற்றங்களை நடத்தும் நொதிகளில் முந்நூற்றுக்கு மேற்பட்டவை துத்தநாகத்தைச் சார்ந்துள்ளன என்கிறார்கள். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களுக்கும் அது தேவை. இடருக்கு மேல் இடராக, பேதியின்போது மலத்துடன் துத்தநாகமும் வெளியேறுகிறது. எந்தச் சாமான் இருந்தால் சுவரைச் செப்பனிடலாமோ, அதே சாமானை வெள்ளம் அடித்துக்கொண்டு போகிறது.

இங்கு நம் தொழிலுக்குரிய ஓர் உவமையைச் சொல்ல விரும்புகிறோம். ஒவ்வொரு சங்கமும் இலாபத்தில் ஒரு பகுதியைச் சேமநிதியில் சேர்த்து வைக்கிறது; இடுக்கண் வந்தபோது அது உதவும். நம் உடலும் இரும்புச் சத்தையும் ஏ வைட்டமினையும் ஈரலில் சேமித்து வைக்கிறது. துத்தநாகத்திற்கு மட்டும் அவ்வாறு எடுத்துப் பயன்படுத்தத்தக்க சேமநிதி கிடையாது. அன்றாட வரவில்தான் அன்றாடச் செலவு நடக்க வேண்டும். வரவு குறைந்த ஏழைக் குழந்தைக்குப் பேதி கண்டால் பற்றாக்குறை உடனே விழுகிறது. பற்றாக்குறை உள்ள குழந்தைக்கு அடுத்த பேதி விரைவில் வருகிறது, வந்தது நீடிக்கிறது. இந்தச் சுழலில் அகப்பட்ட குழந்தை எடை குறைந்து தேய்கிறது. பதினான்கு நாள் மாத்திரை இச்சுழலை அறுப்பதற்கே.

இம்முடிவுக்கு வந்தது எளிதில் அன்று. 1995இல் தில்லியில் நடந்த ஆராய்ச்சி ஒன்று வெளியாயிற்று. சுனில் சசாவல், எம். கே. பான் முதலிய நம் நாட்டு ஆராய்ச்சியாளர்களும் அமெரிக்க அறிஞர்களும் சேர்ந்து நடத்தியது அது. ஆறு மாதம் முதல் முப்பத்தைந்து மாதம் வரையுள்ள 937 குழந்தைகளைப் பேதியின்போது இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் நாள்தோறும் இருபது மில்லிகிராம் துத்தநாகம் கொடுத்தார்கள். அப்பிரிவில் பேதி தொடர்ந்து நீடிக்கும் அபாயம் 23 சதவீதம் குறைந்தது. பின்னர் பங்களாதேஷின் மத்லாப் வட்டாரத்தில், மூன்று மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 8,070 குழந்தைகளைக் கொண்டு ஊர் ஊராக நடந்த சோதனையின் முடிவுகள் 2002இல் வெளியாயின. பேதி கண்ட குழந்தைகளுக்குப் பதினான்கு நாட்கள் துத்தநாகம் கொடுத்த ஊர்களில் பேதி நாலில் ஒரு பங்கு விரைவில் நின்றது. மீண்டும் வருவதும் குறைந்தது. நீரில் மூழ்குதல் போன்ற விபத்துக்கள் நீங்கலாக ஏனைய காரணங்களால் நேர்ந்த மரணங்கள் ஏறத்தாழப் பாதியாயின.

அச்சோதனையில் நம் மனத்தை மிகவும் கவர்ந்த செய்தி வேறொன்று. துத்தநாகம் கொடுத்த ஊர்களில் உப்பு சர்க்கரைக் கரைசலின் உபயோகமும் கூடிற்று. தேவையற்ற கிருமிக்கொல்லி மருந்துகளின் உபயோகம் குறைந்தது. ஏன்? கரைசல் உயிரைக் காக்கிறது, ஆனால் பேதியை நிறுத்துவதில்லை. கரைசலை மட்டும் பெற்று வீடு திரும்பும் தாய், 'மருந்து ஒன்றும் தரவில்லை' என்றே எண்ணுகிறாள். மருந்துக் கடைக்குச் சென்று, வீரியமுள்ள மருந்து ஏதேனும் கொடுங்கள் என்று கேட்கிறாள். கையில் ஒரு மாத்திரைப் பட்டை இருக்குமானால் அவள் மனம் அமைதியடைகிறது. கரைசலையும் விடாமல் ஊட்டுகிறாள். மருந்து உடலில் செய்வது ஒன்று. மனத்தில் செய்வது மற்றொன்று. இரண்டும் பிழைப்புக்கு உதவுகின்றன.

மிகைப்படுத்திக் கூறுவது நம் வழக்கமன்று. பல நாட்டுச் சோதனைகளையும் தொகுத்துப் பார்த்தவர்கள், ஆறு மாதத்திற்கு மேற்பட்ட குழந்தைகளுக்குத் துத்தநாகத்தினால் பேதி சராசரியில் அரை நாள் அளவே முன்னதாக நிற்கிறது என்றும், மெலிந்த குழந்தைகளுக்கு ஒரு நாளுக்கு மேல் முன்னதாக நிற்கிறது என்றும், ஆறு மாதத்திற்குட்பட்ட சிசுக்களுக்கு இவ்வகை நன்மை தெளிவாகப் புலப்படவில்லை என்றும் கூறியிருக்கிறார்கள். மாத்திரையால் சில குழந்தைகளுக்கு வாந்தி வருவதும் உண்மை. தில்லியிலும் தான்சானியா நாட்டின் தாருஸ்ஸலாமிலும் 4,500 குழந்தைகளைக் கொண்டு நடந்து 2020இல் வெளியான சோதனை, ஐந்து அல்லது பத்து மில்லிகிராமும் இருபதைப் போலவே பயன் தருகிறது, வாந்தியும் குறைகிறது என்று காட்டிற்று. ஆகவே அளவைக் குறித்த விதிகள் மாறக்கூடும். பட்டையைக் கொடுக்கும் வைத்தியர் அல்லது செவிலியர் சொல்லும் அளவே அளவு. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சொன்னதை நம் குழந்தைக்கு வைத்துக் கொள்ளலாகாது.

2004இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் ஸ்தாபனமும் கூட்டாக விடுத்த அறிக்கை, பேதி கண்ட குழந்தைகளுக்குக் கரைசலுடன் பத்து முதல் பதினான்கு நாட்கள் துத்தநாகமும் கொடுக்கப் பரிந்துரைத்தது. அதனைத் தொடர்ந்து நம் நாட்டிலும் இது அரசாங்க விதியாயிற்று. இரண்டு மாதத்திற்கு மேல் ஆறு மாதம் வரையில் நாளொன்றுக்குப் பத்து மில்லிகிராம், அதாவது அரை மாத்திரை, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையில் இருபது மில்லிகிராம், அதாவது ஒரு மாத்திரை, பதினான்கு நாட்கள். ஒரு தேக்கரண்டியில் மாத்திரையை இட்டுச் சிறிது தாய்ப்பாலோ காய்ச்சி ஆறிய நீரோ விட்டால் ஒரு நிமிஷத்திற்குள் கரைந்துவிடும். சற்றே உலோகச் சுவை இருக்கும். கொடுத்த அரைமணிக்குள் குழந்தை வாந்தியெடுத்துவிட்டால், மீண்டும் ஒரு மாத்திரையைக் கரைத்துச் சிறிது சிறிதாகப் பல தடவையில் ஊட்டலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இம்மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. கிராம சுகாதார செவிலியரைக் கேட்டும் பெறலாம்.

ஆனால் மாத்திரையைப் பெறுவோர் எத்தனை பேர்? 2015-16ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்வில், பேதி கண்ட குழந்தைகளில் நூற்றுக்கு 20 பேரே துத்தநாகம் பெற்றிருந்தனர். 2019-21ஆம் ஆண்டு ஆய்வில் அது 30 ஆயிற்று. கரைசல் பெற்றோர் 51இலிருந்து 61 ஆயினர். முன்னேற்றம்தான், எனினும் பத்தில் ஏழு குழந்தைகளுக்கு மாத்திரை சென்று சேரவில்லை. பெற்றவர்களில் பதினான்கு நாளும் கொடுத்தவர் எத்தனை பேரோ!

இவ்விடத்தில் நம் வீட்டுக் கதையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். நம் பெண் குழந்தைக்குப் பதினான்கு மாதம் ஆகியிருந்தபோது மழைக் காலத்தில் பேதி கண்டது. கரைசலும் மாத்திரையும் பெற்று வந்தோம். நாலாம் நாள் குழந்தை தெளிந்துவிட்டது. "நின்றுவிட்டதே, இனி எதற்கு மாத்திரை? கசக்கிறது என்று முகத்தைச் சுளிக்கிறது" என்றாள் மனைவி. நாமும் ஆமோதித்தோம். மீதி மாத்திரைகள் அலமாரியில் கிடந்தன. மூன்று வாரங்களில் பேதி மறுபடியும் வந்தது. இம்முறை ஆறு நாட்கள் படுத்திவிட்டது. செவிலியர் அம்மையார் பழைய பட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்துவிட்டு, "சார், சங்கத்தில் பாதி எழுதிய வவுச்சரை நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?" என்று கேட்டார். பதில் சொல்ல நமக்கு வாயில்லை. மாத்திரையை நிறுத்தியதனால்தான் மறுபடி வந்தது என்று திட்டமாகச் சொல்ல முடியாது. எல்லா மாத்திரைகளையும் கொடுத்த குழந்தைக்கும் பேதி வருவதுண்டு. ஆனால் குழந்தையின் கண்கள் குழி விழுந்து கிடந்த அந்த இரண்டாம் இரவில் அலமாரியைப் பார்க்க நமக்கு மனம் கூசிற்று.

மாத்திரை பேதியை நிறுத்துவதற்கு மட்டும் அன்று, இழந்ததை ஈடு செய்வதற்கும் ஆகும் என்பதை எவரும் அன்று நமக்கு விளங்கச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. ஒரு நெசவாளர் குடியிருப்பில் இதற்கு நல்ல உபாயம் ஒன்றைக் கண்டோம். அவ்வீட்டு அம்மாள் மாத்திரைப் பட்டையைத் தார்க்கூடையிலேயே வைத்திருந்தார். காலையில் முதல் தார் சுற்ற உட்காருமுன் ஒரு மாத்திரை. கூடையின் விளிம்பில் கட்டிய நூலில் நாளுக்கொரு முடிச்சு. எழுத்தறியாதவர்; கணக்குத் தவறவில்லை.

பங்களாதேஷில் 2006இல் குழந்தைகளுக்கான துத்தநாக மாத்திரையை நாடெங்கும் விளம்பரம் செய்தார்கள். மாத்திரையைப் பற்றிக் கேள்விப்பட்டோர் தொகை விரைவில் பெருகிற்று. ஆனால் உபயோகித்தோர் தொகை அதற்கு வெகு தூரம் பின்தங்கியது, கிராமங்களில் இன்னும் அதிகமாக. விளம்பரத்தினால் அறிவு வரும். பழக்கம் வருவதற்கு வீடு தேடிச் செல்லும் மனிதர் வேண்டும். அதே நாட்டில் முன்னர் நடந்த ஒரு முயற்சி இதற்குச் சான்று. ஃபஸ்லே ஹசன் அபெத் 1972இல் நிறுவிய பிராக் என்னும் கிராம முன்னேற்ற ஸ்தாபனம், 1980 முதல் 1990 வரை, பெண் ஊழியர்களை வீடுதோறும் அனுப்பி, மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் நீர் கொண்டு கரைசல் தயாரிக்கக் கற்பித்தது. ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை எட்டினார்கள். ஊழியருக்கு ஊதியம் எத்தனை வீடுகளுக்குச் சென்றார் என்பதைக் கொண்டு அன்று. பிறிதொரு பரிசோதகர் பின்னர் சில வீடுகளுக்குச் சென்று, தாய்மார் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்கள், கரைசலைச் சரியாகச் செய்கிறார்களா என்று சோதித்து, அதற்கேற்ப அளிக்கப்பட்டது. தணிக்கைத் தொழிலில் உள்ள நமக்கு இது பெருமகிழ்ச்சி தந்த செய்தி. இன்னும் ஒன்று: தொடக்கத்தில் தாய்மார் கற்றுக் கொண்டும் உபயோகிக்கவில்லை. விசாரித்ததில், கற்பித்த ஊழியர்களே தங்களுக்குப் பேதி வந்தபோது கரைசலை நம்பவில்லை என்பது தெரிந்தது. அவர்களுக்கு நம்பிக்கை உண்டாக்கிய பின்னரே காரியம் நடந்தது. ஆண்களை விலக்கி வைத்ததும் தவறென்று உணர்ந்து, அவர்களையும் கூட்டிப் பேசினார்கள்.

கரைசலைப் பற்றி இரண்டு வார்த்தை. உப்பும் சர்க்கரையும் சேர்ந்து வந்தால், பேதியின்போதும் குடல் அவற்றை உள்ளே ஏற்கும். அவற்றுடன் நீரும் உள்ளே செல்லும். 1971இல் வங்க எல்லையில் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, திலீப் மஹலானபிஸ் என்னும் வைத்தியர் சிரை வழியே ஏற்றும் நீர் போதாத நிலையில் இக்கரைசலைக் குடிக்கச் செய்தே பல்லாயிரவரைக் காத்தார். இப்போது கடையில் கிடைக்கும் சரியான பொட்டலம் 20.5 கிராம் எடையுள்ளது. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் முழுவதையும் கரைக்க வேண்டும். பாதியைப் பாதி நீரில் கரைத்தால் உப்பின் அளவு பிழைபடும். கரைத்தது இருபத்துநாலு மணி நேரத்திற்குமேல் ஆகாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு தடவை போனபின்பும் 50 முதல் 100 மில்லி லிட்டர், அதற்கு மேற்பட்டதற்கு 100 முதல் 200 மில்லி லிட்டர், கரண்டியால் சிறிது சிறிதாக. பெட்டியில் அடைத்த இனிப்புப் பானங்கள் சில இதே பெயரைச் சூடிக் கடைகளில் விற்பனையாகி வந்தன; 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்பெயரை அவை பயன்படுத்தலாகாது என்று உத்தரவிட்டது. மிகுந்த சர்க்கரை பேதியைக் கூட்டவே செய்யும். சங்கப் பண்டகசாலைகளில் கொள்முதல் செய்யும் செயலாளர்கள் பொட்டலத்தின் மேல் அச்சிட்ட சேர்மானத்தைப் படித்துப் பார்த்த பின்பே வாங்குதல் வேண்டும். கரைசல் பொட்டலத்தையும் துத்தநாக மாத்திரையையும் ஒன்றாகக் கட்டி வைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் அவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மருந்தகம் நடத்தும் சங்கங்கள் இதனைக் கவனிக்கலாம்.

பேதி கண்ட குழந்தையைப் பட்டினி போடுவது பழைய வழக்கம். 'ஓடுகிற வயிற்றுக்கு ஆகாரம் எதற்கு' என்பார்கள் பாட்டிமார். அவர்கள் அன்பில் குறையில்லை, கருத்துத்தான் பிழை. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. குழைந்த சாதம், பருப்பு, இட்லி, மசித்த வாழைப்பழம், தயிர் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். தேறிய பின் இரண்டு வாரங்களுக்கு நாளுக்கு ஒரு வேளை அதிகம் ஊட்டினால் இழந்த எடை திரும்பும். பேதியை உடனே கட்டும் மாத்திரைகளைக் குழந்தைக்குக் கொடுப்பது ஆபத்து.

மாத்திரையையும் கரைசலையும் நம்பி வீட்டிலேயே இருந்துவிடக் கூடாத நிலைகளும் உண்டு. குழந்தை சோர்ந்து கிடந்தாலும், குடிக்க மாட்டாமல் இருந்தாலும், குடித்ததையெல்லாம் கக்கினாலும், அழும்போது கண்ணீர் வராவிட்டாலும், கண் குழி விழுந்தாலும், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகப் படிந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், அக்கணமே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும். இரண்டு மாதத்திற்குட்பட்ட சிசுவானால் எதையும் எதிர்பாராமல் செல்ல வேண்டும். பாவு பாதியில் நிற்கிறதே, சந்தை நாளாயிற்றே என்று ஒரு பொழுது தாமதிப்பதும் குற்றமாய் முடியும். வழியெல்லாம் கரைசலை ஊட்டிக் கொண்டே செல்லலாம்.

கிடங்கில் நம்மைக் கேட்ட பெரியவரின் பேரனுக்கு அன்று ஐந்தாம் நாள். வயிற்றுப்போக்கு முதல்நாளே நின்றுவிட்டதாம். பட்டையில் ஒன்பது மாத்திரைகள் மீதம் இருந்தன. அவற்றை மருமகளிடம் திருப்பிக் கொடுத்து, தீரும் வரை கொடுக்கச் சொல்வதாகக் கூறினார். பிறகு துத்தநாக மூட்டைக்குப் பணம் செலுத்தி இரசீது பெற்று, அதை வீட்டுத் திண்ணையில் இறக்காமல் களத்துக் கொட்டகையில் இறக்குமாறு வண்டிக்காரரிடம் சொல்லிக்கொண்டே வெளியே சென்றார்.